திம்பம் ஏறும் என் பைக்கில் இருக்கும் பை

சத்தியமங்கலத்தில் வீடு, தாளவாடிப் பக்கம் பள்ளிக்கூடம். என்னைப் போல பைக்கில் மலையேறிப் போய்வரும் ஆசிரியர்கள் பலர் இருக்கிறோம். புதிதாக மாறுதலில் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சார், வழியில வண்டி நின்னுட்டா என்ன பண்றது?" என்றுதான். ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பண்ணாரி கோயில் தாண்டினால் திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். தேசிய நெடுஞ்சாலை 948 இது. பெயர்தான் நெடுஞ்சாலை, போவது 2013இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகத்தின் ஊடாக. வளைவுகளில் மெக்கானிக் கிடையாது, பல இடங்களில் போனில் சிக்னலும் கிடையாது. மேலே ஆசனூர், காராப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டுக்கே வந்து நிற்கும். இரவுப் போக்குவரத்துத் தடையைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்றமும் உத்தரவு போட்டது. அதனால் சாயங்காலம் வண்டி நின்றால் நேரம்தான் முதல் கவலை.

அதை வைத்து நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் முடியாத வேலைக்கு இந்த ரோட்டில் கருவிப் பையைத் திறக்கக் கூடாது. வண்டியை முழுசாகச் சரிசெய்வது நம் நோக்கம் இல்லை. கீழே பண்ணாரியோ மேலே ஆசனூரோ போய்ச் சேர்ந்தால் போதும், மிச்சத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

டியூப் மாற்றுவது இந்தக் கணக்கில் வராது. பின் சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூப் மாற்றிப் பூட்ட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் நான் ஸ்போக்ஸ் வீலை எடுத்துவிட்டு டியூப்லெஸ் டயருக்கு மாறினேன். துளையைச் சீவும் ரீமர், ஊசி, ரப்பர் திரி, கையால் காற்றடிக்கும் சின்ன பம்ப், இவ்வளவுதான் பஞ்சர் கிட். டயரில் ஆணி தெரிந்தால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். ஆணி இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும். காற்றடித்துக்கொண்டு மெல்ல ஓட்டி, நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போய்ப் பிடுங்குங்கள்.

அடுத்தது கிளட்ச் வயர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு கியர் மாற்றுவதால் கிளட்ச் பிடிக்காத நிமிடம் இல்லை. வயர் பெரும்பாலும் லீவருக்குள் மாட்டும் அதன் முனைக் குண்டுப் பக்கம்தான் இழை இழையாக விட்டு, ஒருநாள் பட்டென்று அறுந்துவிடும். புது வயரை பையில் வைத்திருந்தால் போதாது. அதை ஹேண்டிலிலிருந்து எஞ்சின் வரை நுழைத்துக் கொண்டுபோகத்தான் நேரமாகும், சில வண்டிகளில் டேங்கையே தூக்க வேண்டியிருக்கும். அதனால் புது வயரைப் பழைய வயருக்குப் பக்கத்திலேயே இப்போதே ஓடவிட்டு, கேபிள் டையால் கட்டிவிடுங்கள். இரண்டு முனையிலும் கிரீஸ் தடவி, தண்ணீர் போகாமல் பிளாஸ்டிக் சுற்றி டேப் ஒட்டுங்கள். அறுந்தால் பழைய முனைகளை எடுத்து, புதியதை மாட்டினால் முடிந்தது. நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் ரொம்ப காலமாகச் செய்வதுதான் இது. கட்டியபின் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். வயர் எங்காவது இழுத்துப் பிடித்தால் அவிழ்த்து, தளர்த்திக் கட்டுங்கள். வளைவில் ஹேண்டில் திரும்பாமல் போவது, கிளட்ச் இல்லாமல் போவதைவிடப் பெரிய ஆபத்து. ஆக்சிலேட்டர் வயரையும் இப்படியே கட்டலாம்.

மழை, மூடுபனியில் எஞ்சின் விட்டு விட்டு இழுத்தால் ஸ்பார்க் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் கேப்பைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். இல்லாவிட்டால் பிளக்கை மாற்ற வேண்டியதுதான். அதற்கு முன் எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும். புது பிளக்கை முதலில் கையால்தான் திருக வேண்டும். எடுத்தவுடன் ஸ்பேனர் போட்டுக் கோணலாக ஏற்றினால் அலுமினிய மரை போய்விடும், அப்புறம் அது ரோட்டில் தீர்கிற வேலை இல்லை.

ஃபியூஸ்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். போனது எந்த நிறமோ அதே நிறம்தான் போட வேண்டும். ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைப்பது வயரிங்கையே எரித்துவிடும். பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள், பல வண்டிகளில் கம்பெனிக்காரர்களே ஒரு ஸ்பேர் ஃபியூஸ் வைத்திருப்பார்கள். செயினின் இரு முனைகளை இணைக்கும் செயின் லாக்கை உங்கள் செயின் சைஸ் பார்த்து வாங்குங்கள். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். டேங்கில் பெட்ரோல் கசிந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, சலவை சோப்பை அழுத்தித் தேய்த்தால் கொஞ்ச நேரம் தாங்கும். ஒரு துண்டு சோப்பும், தலையில் மாட்டும் டார்ச்சும் என் பையில் எப்போதும் உண்டு. போன் வெளிச்சத்தில் ஒரு கை போனுக்கே போய்விடும்.

என்னுடையது கார்பரேட்டர் வண்டி. பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் கார்பரேட்டருக்கு அடியில் இருக்கும் டிரெயின் ஸ்குருவைத் தளர்த்தி அதை வெளியே விட்டுவிடலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். பேட்டரி முழுசாக இறங்கினால் பெட்ரோல் பம்ப் வேலை செய்யாது, தள்ளி ஸ்டார்ட் பண்ண முயன்றும் பலன் இருக்காது. அந்த வண்டிக்காரர்கள் பேட்டரி திணற ஆரம்பித்ததுமே மாற்றிவிடுவது நல்லது.

வண்டியோடு வந்த ஸ்பேனர்களை நம்பி மலையேறாதீர்கள். தகடு மாதிரி இருக்கும், இறுகிய நட்டில் போட்டால் வழுக்கும். நல்ல ரிங் ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் உட்கார்ந்து மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். எந்த நட்டு அசையவில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இவ்வளவும் யானை பக்கத்தில் இல்லாதபோதுதான். தூரத்தில் நின்றாலும் பையைத் திறக்காதீர்கள். வண்டி கிடக்கட்டும், வருகிற பஸ்ஸிலோ லாரியிலோ ஏறிவிடுங்கள்.

இந்த வருடம் வந்த டீச்சர் ஒருவர் ஸ்கூட்டரில் வருகிறார். ஸ்கூட்டரில் டிரைவ் பெல்ட் அறுந்தால் ரோட்டில் நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வருவதற்கு முன்பே பெல்ட்டை மாற்றச் சொன்னேன். காலையில் பண்ணாரியில் காத்திருந்தால் நாங்கள் நாலைந்து பேர் ஒன்றாகத்தான் ஏறுகிறோம், நடுவில் வரலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் யாரானாலும் அங்கேயே வந்து நில்லுங்கள்.