பிள்ளையார் சுழி போடத் தெரியாத நொதி

டிஎன்ஏ படியெடுப்பதை ஜிப் திறப்பது போல என்பார்கள். பாதிதான் சரி. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. புதிய இழையை எழுதும் பாலிமரேஸ் நொதியோ ஒரே திசையில், அதாவது 5' எனப்படும் முனையிலிருந்து 3' எனப்படும் முனை நோக்கி மட்டுமே எழுதும். அதனால் ஒரு புதிய இழை நிற்காமல் வளரும். ஈ.கோலை பாக்டீரியாவில் வேகம் நொடிக்குச் சுமார் 1000 எழுத்து (டிஎன்ஏவின் அடிப்படை அலகு)!

மற்ற இழைதான் பாவம். துண்டு துண்டாகப் பின்னோக்கித் தைக்க வேண்டும். பாக்டீரியாவில் ஒரு துண்டு 1000–2000 எழுத்து, நம் செல்லில் 100–200தான். பாலிமரேஸுக்குத் தானாகப் பிள்ளையார் சுழி போடத் தெரியாது. ஒவ்வொரு துண்டுக்கும் பிரைமேஸ் என்ற இன்னொரு நொதி சுமார் 10 எழுத்து ஆர்என்ஏவைப் போட்டுத் தர வேண்டும். பிறகு அதை நீக்கி, இடைவெளியை டிஎன்ஏவால் நிரப்பி, கடைசியில் லைகேஸ் என்ற நொதி துண்டுகளை ஒட்டும். லைகேஸ் பழுதானால் துண்டுகள் குவிந்துபோகும். ஜப்பானிய விஞ்ஞானிகள் ரெய்ஜி, சுனேகோ ஒகசாக்கி தம்பதி இந்தத் துண்டுகளைக் கண்டறிந்த 1960களின் ஆய்வுகளுக்கு இந்தப் பழுதே நல்ல சாட்சியானது.

சிக்கல் குரோமோசோமின் நுனியில். அங்கே ஆர்என்ஏவை எடுத்த இடத்தை நிரப்ப வழியில்லை. அதனால் டெலோமியர் எனப்படும் அந்த நுனிப்பகுதி ஒவ்வொரு செல் பிரிதலிலும் கொஞ்சம் தேயும். நுனியை நீட்டும் டெலோமரேஸ் நொதி உள்ள செல்கள் மட்டும் ஈடுகட்டும். ஈ.கோலைக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதன் குரோமோசோம் வட்டம், நுனியே இல்லை.