ரீகானும் நிலக்கரி மலையும்

அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவின் கில்பர்ட்டில் பெட்ரோல் பங்குக்குப் போனால், காருக்குப் பின்னால் சேறு அப்பிய ஏ.டி.வி. (காடுமேடு ஏறும் குண்டு டயர் வண்டி) ஒன்று வரிசையில் நிற்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த வண்டிகள் ஓடும் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் மலைத்தடங்கள் 2000-ல் திறந்ததிலிருந்து ஊரே இப்படித்தான். நிலம் பெரும்பாலும் நிலக்கரி, மரக் கம்பெனிகளுடையது. ஆளுக்கொரு பெர்மிட், தலையில் ஹெல்மெட், இரண்டும் கட்டாயம்.

நண்பன் எனக்குத் தந்தது அவனுடைய பழைய ஹோண்டா ரீகான் 250. பெயரில்தான் 250, இன்ஜின் 229 சிசி. ஐந்து கியர், கிளட்ச் லீவர் கிடையாது, பின்சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். எடை கிட்டத்தட்ட 200 கிலோ. "புதுசா ஓட்டுறவனுக்கு இதுதான்டா. நீ என்ன பண்ணாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். பாராட்டு வண்டிக்குத்தான், எனக்கில்லை.

பைக் பழகிய கைக்கு முதல் குழப்பம் ஆக்ஸிலேட்டர். முறுக்க ஒன்றுமில்லை, வலது கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அதைவிடப் பெரிய பாடு வளைவில். பின் அச்சு ஒரே தண்டு, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இல்லை. இரண்டு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றுவதால், ஹேண்டிலை ஒடித்தாலும் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் காலை ஊன்றினால் உள்சக்கரம் லேசாக வழுக்கி விட்டுக்கொடுக்கும். இது பிடிபடுவதற்குள் இரண்டு முறை புதருக்குள் போய்வந்தேன். ரிவர்ஸ் கியர் வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்!

உச்சியில் இளைப்பாறும்போது அந்தக் குண்டு டயரை அமுக்கிப் பார்த்தேன். காற்று கொஞ்சம்தான், மெத்தை மாதிரி உள்ளே போகிறது. குளிர்காலத்தில் பைக் விற்பதில்லை, வேறு ஏதாவது கொடுங்கள் என்று அமெரிக்க டீலர்கள் கேட்டதற்கு ஹோண்டாவின் ஒசாமு டகேயுச்சி கொடுத்த பதில், 1970-ல் வந்த மூன்று சக்கர வண்டி. அதற்கு சஸ்பென்ஷனே கிடையாது. பலூன் டயர்தான் எல்லாம். கவிழ்ந்து கவிழ்ந்து கெட்ட பெயர் வாங்கியதில், 1988-ல் அமெரிக்க அரசோடு செய்த உடன்பாட்டில் கம்பெனிகள் மூன்று சக்கரத்தைக் கைவிட்டன. நான்கு சக்கர ரீகான் 1997-ல் வந்தது. மறு வருடமே ஹோண்டா தென் கரோலினாவின் டிம்மன்ஸ்வில்லில் ஏ.டி.வி. தொழிற்சாலை திறந்தது.

பச்சைப் பலகை போட்ட தடம் சுலபம், நீலம் கொஞ்சம் கஷ்டம், கறுப்பு கைதேர்ந்தவர்களுக்கு. நான் பச்சையில்தான் இருந்தேன். அதிலும் ஓர் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் போய், பாதியில் மூச்சு முட்டி வண்டி நின்றது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தேன். "டேய், முன்னாடி சாயுடா! பின்னால உருள விடாதே!" கீழேயிருந்து கத்தினான். முதல் கியருக்கு இறக்கி, தொட்டியில் நெஞ்சு படக் குனிந்து கட்டைவிரலை அழுத்தினேன். கரித்தூள் கலந்த கறுப்பு மண்ணைப் பின்னால் வாரியடித்துக்கொண்டு ஏறிவிட்டது.

இரவு சாப்பிட உட்கார்ந்தால் வலது கட்டைவிரல் மடங்கவில்லை. ஸ்பூனை இடது கையில் பிடித்தபடியே, நாளைக்கு நீலம் போகலாமா என்று கேட்டேன்.