உங்கள் முன்கண்ணாடியையே கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

காருக்கான ஹெட்-அப் டிஸ்ப்ளே (வேகம் போன்ற தகவல்களை முன்கண்ணாடியில் எதிரொளிக்கச் செய்து ஓட்டுநருக்குக் காட்டும் அமைப்பு) வடிவமைப்புக்கு ஒளியியல் மென்பொருள் வாங்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. எந்தெந்த மென்பொருள்கள் வேண்டும் என்று பட்டியல் போடுவதில் சிரமம் இல்லை. ஆப்டிக்ஸ்டூடியோவும் கோட் வியும் கதிரை ஒவ்வொரு பரப்பாக வரிசையில் செலுத்திச் செம்மைப்படுத்துவதற்கு. ஸ்பியோஸும் லைட்டூல்ஸும் சிதறல், வெயில், ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும் தோற்றம் ஆகியவற்றுக்கு. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்ததே.

எங்கள் நேரத்தைத் தின்றது செயல்விளக்கம்தான். வந்த முகவர்களில் ஒருவர், எளிய சமன்பாட்டில் அடங்கும் வழவழப்பான கண்ணாடி ஒன்றை வைத்து எல்லாவற்றையும் அழகாக ஓட்டிக் காட்டினார். கண்ணாடி உற்பத்தியாளர் தந்திருந்த எங்கள் முன்கண்ணாடியின் ஸ்டெப் கோப்பை (முப்பரிமாண வடிவத்தைப் பதிந்துவைக்கும் கேட், அதாவது கணினி வரைவுக் கோப்பு) நீட்டியபோது, சோதனை உரிமத்தில் கேட் கோப்புகளைத் திறக்க இயலாது என்றார். அதைத் திறந்துவிடக் கேட்டால் விற்பனைப் பிரிவு தொழில்நுட்பப் பிரிவைக் கைகாட்டியது. தொழில்நுட்பப் பிரிவு மறுபடியும் விற்பனைப் பிரிவையே கைகாட்டியது. கடைசியில் வந்து சேர்ந்த உரிமக் கோப்பு, நாங்கள் அனுப்பிய கணினி எண்ணுக்கு அல்லாமல் வேறு ஏதோ கணினிக்குப் பூட்டப்பட்டிருந்தது.

அதையும் மாற்றி வாங்கிக் கோப்பைத் திறந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. முன்கண்ணாடியின் பரப்பு பல துண்டுகளால் ஆனது. துண்டுகள் சேரும் இடத்தில் சாய்வு தொடர்ந்தாலும் வளைவு சட்டென மாறுவதால், கண்ணாடிக்கு அப்பால் மிதப்பதுபோல் தெரியும் மாய பிம்பத்தின் நேர்கோடு அங்கே ஒடிந்து தெரிந்தது. கோப்பில்தான் பிழை என்றது மென்பொருள் உதவிப் பிரிவு. இதே கோப்பைக் கொண்டுதான் கண்ணாடிக்கான வார்ப்பச்சையே செய்கிறோம் என்றது கண்ணாடி ஆலை. பிம்பத்துக்குப் பயன்படும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் ஒரே பல்லுறுப்புக் கோவையாக (ஒற்றைச் சமன்பாடாக) பொருத்துவதே வழி என்பதை நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பொருத்திய பின் உயரப் பிழையை, அதாவது மூலப் பரப்பிலிருந்து உயரம் எவ்வளவு விலகுகிறது என்பதை, மட்டும் பார்த்து நிறைவடைய வேண்டாம். 2 செ.மீ. நீளமுள்ள அலையில் நடுக்கோட்டிலிருந்து 1 மைக்ரான் உயரம் என்றால் காகிதத்தில் அற்பமாகத் தெரியும். ஆனால் அதன் சாய்வு 0.3 மில்லிரேடியனை எட்டும், எதிரொளிப்பில் அது இரட்டிப்பாகும். கண் பிரித்தறியும் எல்லையே ஏறத்தாழ 0.3 மில்லிரேடியன்தான். ஆகவே சாய்வுப் பிழையை வரைந்து காட்டும்படி கேளுங்கள். எங்களிடம் வந்த முகவர் அதைக் கேட்டதும் தயங்கினார்.

இரட்டை பிம்பத்தையும் செயல்விளக்கத்திலேயே சோதியுங்கள். கண்ணாடியின் உட்புறமும் வெளிப்புறமும் தனித்தனியே எதிரொளிப்பதால், இரு கண்ணாடி அடுக்குகளை ஒட்டும் நடுவிலுள்ள பிவிபி என்ற பிளாஸ்டிக் படலத்தை ஆப்பு வடிவில் செய்து இரு பிம்பங்களையும் ஒன்றின்மேல் ஒன்று விழச் செய்கிறோம். ஐபாக்ஸின் (பிம்பம் தெரிய ஓட்டுநரின் கண் இருக்க வேண்டிய பகுதி) நடுவில் அது பொருந்தும், ஓரங்களில் விலகும். உயரமான ஓட்டுநருக்கும் குட்டையானவருக்கும் விலகல் எவ்வளவு என்பதை அங்கேயே கணக்கிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

விலைப்புள்ளியை வரிவரியாகப் படியுங்கள். எங்களுக்கு வந்த ஒன்றில், கேட் இறக்குமதியும் வரிசையில்லாக் கதிர்க் கணிப்பும் (கதிர் எந்தப் பரப்பில் எந்த வரிசையில் பட்டாலும் கணக்கிடுவது) தனிக் கட்டணத்தில் ஒளிந்திருந்தன. பின்னது இல்லாமல், வெளியிலிருந்து நுழையும் வெயிலை ஹெட்-அப் டிஸ்ப்ளேயின் உள்ளிருக்கும் குழியாடி குவித்து, பிம்பத்தை உருவாக்கும் திரையைச் சுடுவதைக் கணக்கிட முடியாது. பராமரிப்பு ஒப்பந்தம் யார் பெயரில் என்பதையும் பாருங்கள்: 2025இல் சினாப்சிஸ் நிறுவனம் ஆன்சிஸ் நிறுவனத்தை வாங்கியபோது கோட் வியும் லைட்டூல்ஸும் கீசைட் நிறுவனத்தின் கைக்குப் போயின, ஆப்டிக்ஸ்டூடியோவும் ஸ்பியோஸும் சினாப்சிஸிடம் உள்ளன. பழைய விலைப்புள்ளிகளைப் புதிதாக எழுதி வாங்குவது நல்லது.

முடிவில், வரிசைமுறைக் கணிப்புக்கு ஒரு மென்பொருளையும், வெயிலுக்கும் தோற்றத்துக்கும் குழுவினர் மாறி மாறிப் பயன்படுத்தும் பகிர்வு உரிமத்தில் மற்றொன்றையும் எடுத்தோம். உரிமக் குழப்பம் தொடர்பான மின்னஞ்சல்களை எல்லாம் எங்கள் கொள்முதல் அலுவலர் கோத்து மேசையில் வைத்தபோது, கேட் தொகுதியை முதலாண்டுக்குக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டு விலையையும் அன்றே எழுத்தில் வாங்கிவிட்டோம்.