அட்வான்ஸ் வாங்கிய வேலை மோசடிப் பிரிவான 318(4)-ல் வந்து நின்றால்

ஷெட் வேலையோ, கட்டட வேலையோ, சரக்கு சப்ளையோ, பணத் தகராறு போலீசுக்குப் போனால் முதலில் வருவது ஒரு போன்தான்: "உங்க மேல ஒரு மனு வந்திருக்கு, சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க." மதுரை மாநகருக்குள் என்றால் அந்த மனு காவல் நிலையத்திலோ மத்தியக் குற்றப்பிரிவிலோ இருக்கும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் என்றால் உள்ளூர் ஸ்டேஷன் அல்லது மாவட்டக் குற்றப்பிரிவு. கிளம்புவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: போட்டிருப்பது சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா, அதன் எண் என்ன? சி.எஸ்.ஆர். என்றால் மனுவைப் பெற்று ரசீது கொடுத்திருக்கிறார்கள், வழக்கு இன்னும் பதிவாகவில்லை. எஃப்.ஐ.ஆர். என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நகலை நீங்களே இறக்கிக்கொள்ளலாம்.

பிரிவையும் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். பணம் கைமாறியது 2024 ஜூலை 1-க்கு முன்பு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 420 (மோசடி), 406 (நம்பிக்கை மோசடி, அதாவது நம்பி ஒப்படைத்ததைத் தனதாக்கிக்கொள்வது). அதற்குப் பிறகு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 318(4), 316(2). மோசடிக்கு இரண்டிலும் 7 ஆண்டுகள் வரை, நம்பிக்கை மோசடிக்குப் பழைய சட்டத்தில் 3, புதியதில் 5 ஆண்டுகள் வரை. தேதி மாறிப் பிரிவு போட்டிருந்தால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். வேலையை முடிக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தரவில்லை என்பது மட்டும் மோசடி ஆகாது. பணம் வாங்கிய அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. உச்ச நீதிமன்றம் 2000-ல் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. 2019-ல் சதீஷ்சந்திர ரதன்லால் ஷா வழக்கில் கடன் பாக்கிக்கும் அதையே சொன்னது. ஆகவே உங்களைக் காப்பாற்றப்போவது கடைசியாகப் போட்ட சண்டையின் வாட்ஸப் மெசேஜ்கள் அல்ல, அட்வான்ஸ் வாங்கிய முதல் ஒரு மாதத்தின் காகிதங்கள்.

12 லட்ச ரூபாய்க்கு ஷெட் பேசி 5 லட்சம் அட்வான்ஸ் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அந்த 5 லட்சம் கணக்கில் ஏறிய நாளிலிருந்து வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். பைப், சேனல், ஷீட் வாங்கிய ஜி.எஸ்.டி. பில், சரக்கு சைட்டுக்குப் போன இ-வே பில், வெல்டர் சம்பளத்துக்குப் போட்ட ஜிபே, பேஸ்மென்ட் தோண்டிய படம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஸ்டேட்மென்ட்டின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்கான பில் எண்ணை எழுதுங்கள். வாங்கிய பணம் அந்த வேலைக்கே போயிருக்கிறது என்று விசாரிப்பவருக்குப் பத்து நிமிடத்தில் புரிய வேண்டும். அட்வான்ஸில் பழைய கடனை அடைத்திருந்தால் இந்த இடத்தில்தான் மாட்டுவீர்கள். அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

அடுத்து அளவு. எதிர்த்தரப்பு வேறு ஆளை வைத்து மிச்ச வேலையை முடித்துவிட்டால், நீங்கள் செய்தது எவ்வளவு என்பதற்கு ஆதாரமே இருக்காது. தகராறு தொடங்கியதுமே இருவரும் சேர்ந்து அளவெடுத்துக் கையெழுத்திடக் கூப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். வரவில்லை என்றால் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, வழக்கறிஞர் ஆணையரை நியமித்துச் சைட்டைப் பார்வையிடக் கேட்கலாம். அவர் இன்ஜினியரை வைத்து எடுக்கும் அளவு அறிக்கை பின்னால் எல்லா இடத்திலும் உதவும். வாட்ஸப் ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-ன் கீழ் சான்றிதழ் வேண்டும் என்பதால் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடக் கூடாது.

ஸ்டேஷனில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். "இத்தனாம் தேதிக்குள்ள தர்றேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். பேச்சு இதமாகவே இருக்கும், டீயும் வரும். அப்படி எழுதினால் கணக்கில் தகராறு இருக்கிறது என்ற உங்கள் வாதம் அங்கேயே செத்துவிடும். அந்தக் காகிதமே கடன் ஒப்புதலாகும். தேதி போடாத செக் கொடுப்பது அதைவிட மோசம், ஒரு வழக்குக்கு இரண்டு வழக்கு. போனை அணைத்துவிட்டு ஒளிவதும் உதவாது. எழுத்தில் பதில் கொடுங்கள்: இரண்டு பிரதி, இணைப்புகளுக்கு எண், ஒரு பிரதியில் ஸ்டேஷன் முத்திரையும் தேதியும். கடைசிப் பத்தியில் உங்கள் கணக்குப்படி யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதி, இது உரிமையியல் தகராறு என்று முடியுங்கள்.

லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் வணிகத் தகராறுகளில் எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணைக்கு இடம் கொடுத்தது. மனு விசாரணை என்று கூப்பிடுவதால் எரிச்சல்பட வேண்டாம். உங்கள் காகிதங்கள் உள்ளே போக அதுதான் நல்ல நேரம்.

எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டால் உடனே கைது என்று பயப்பட வேண்டியதில்லை. 7 ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில் தானாகக் கைது செய்யக் கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொன்னது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ்படி ஆஜராகிக்கொண்டே இருந்தால், காரணத்தை எழுதிப் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. பயம் மிஞ்சினால் அதே சட்டத்தின் பிரிவு 482-ல் முன்ஜாமீன், மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டிலோ ஒத்தக்கடையில் இருக்கும் ஹைகோர்ட் மதுரைக் கிளையிலோ. அங்கே "பாதியைக் கட்டிவிடுகிறோம்" என்று தாமாகச் சொல்லும் வக்கீல்கள் உண்டு. தடுத்துவிடுங்கள். ஜாமீன் என்பது பணம் வசூலிக்கும் வழி அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2023-ல் ரமேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய பி.என்.எஸ்.எஸ். பிரிவு 528-ல் மதுரைக் கிளையில் கிரிமினல் ஓ.பி. என்ற மனு போட வேண்டும். இங்கே நீதிபதி பார்ப்பது உங்கள் பில்களை விடப் புகாரின் வாசகத்தைத்தான். புகாரிலேயே "பேஸ்மென்ட் வரை போட்டார், பிறகு நிறுத்திவிட்டார்" என்று இருந்தால் உங்கள் பக்கம் பலம். "ஒரே இடத்தைக் காட்டி மூன்று பேரிடம் வாங்கினார்", "போலி ஜி.எஸ்.டி. எண் கொடுத்தார்" என்று இருந்தால் விசாரணையில் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிடுவார்கள், அது நியாயமும்கூட. 420-ம் 406-ம் சேர்த்துப் போட்டிருந்தால் 2024-ன் டெல்லி ரேஸ் கிளப் தீர்ப்பைக் காட்டலாம்: ஒரே சம்பவம் இரண்டு குற்றமும் ஆகாது, விற்பனையில் கைமாறிய சரக்கு நம்பி ஒப்படைத்த சொத்தும் ஆகாது. ஆனால் வாடிக்கையாளர் கொடுத்த கம்பியை நீங்கள் விற்றிருந்தால் கதை வேறு. சிவில் வழக்கு நடக்கிறது என்பதும் தனியாக உதவாது. ஒரே சம்பவத்தில் சிவில், கிரிமினல் இரண்டும் இருக்கலாம். சிவில் சண்டைக்கு எஃப்.ஐ.ஆர். போட்டதற்காக 2025 ஏப்ரலில் உத்தரப்பிரதேச அரசுக்கு உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தது என்பதை வாதத்தில் சொல்லலாம், அதையே நம்பியிருக்க வேண்டாம்.

பணம் வர வேண்டியவருக்கும் ஒன்று. போலீஸ் புகார் கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாளும் 3 ஆண்டு காலவரையறையில்தான் ஓடும். செக் திரும்பியிருந்தால் வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாள் அவகாசம், அதன் பின் ஒரு மாதத்துக்குள் கோர்ட். 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்றால், அவசர இடைக்கால உத்தரவு கேட்டாலொழிய, வழக்குக்கு முன் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரச முயற்சி கட்டாயம். உத்யம் (மத்திய அரசின் சிறு தொழில் பதிவு) உள்ள சிறு நிறுவனம் சரக்கு சப்ளை செய்திருந்தால் 45 நாளுக்கு மேல் போன பாக்கிக்கு ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்டு, சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகலாம்.

சமாதானம் ஆனால், 318(4) கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்யக்கூடிய குற்றம்தான். எஃப்.ஐ.ஆர். நிலையிலேயே முடிக்க ஹைகோர்ட்டில் கூட்டு மனு போட வேண்டும். அதில் குற்ற எண், பிரிவு, திருப்பித் தரும் செக்குகளின் எண், வாபஸ் பெறும் சிவில் வழக்கின் எண் எல்லாம் வரட்டும். டி.டி.யை முன்கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். புகார்தாரர் அடையாள அட்டையோடு நேரில் வந்து நிற்கும் நாளில் கொடுங்கள். உத்தரவின் சான்றிட்ட நகலை ஸ்டேஷனிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் கொடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பாஸ்போர்ட் விசாரணையில் வழக்கு நிலுவையில் இருப்பதாகவே எழுதிவிடுவார்கள்.