பங்குனி வெயிலில் வெண்டை

பங்குனி பிறந்ததிலிருந்து காலை ஐந்தரைக்கே தோட்டத்தில் நிற்கிறேன். தை மாதமே பணம் கட்டிவிட்ட 22 குடும்பங்களுக்குச் சனிக்கிழமைதோறும் கூடை போக வேண்டும். விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் பங்கு என்று ஒத்துக்கொண்டு வந்தவர்கள். அந்த நம்பிக்கைதான் என்னை எழுப்பிவிடுகிறது.

இப்போது பாதி வேலை வெண்டையில்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், தவறினால் காய் முற்றி நாராகிவிடும். முழுக்கைச் சட்டை போட்டும் சுணை மணிக்கட்டில் ஏறி அரிக்கிறது.

போன வாரம் நான்கு செடிகளில் இலை நரம்பு மட்டும் மஞ்சளாகி, பச்சை இலைமேல் வலை விரித்த மாதிரி தெரிந்தது. தேமல் நோய். பரப்புவது வெள்ளை ஈ. பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள், பிடுங்க மனசே வரவில்லை. ஆனாலும் வேரோடு பிடுங்கி எரித்தேன். அப்புறம் வரிசை நெடுக மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினோம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் அடித்தோம். புதிதாக எந்தச் செடியிலும் மஞ்சள் இல்லை.

பாகலுக்குப் பந்தல் போட்டாச்சு. கத்திரிப் பாத்தியில் காய்ந்த கரும்புச் சோகையைப் பரப்பி மண்ணுக்கு மூடாக்கு. அடியில் கையை விட்டால் உச்சி வெயிலிலும் மண் குளுகுளுவென்று இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை கீரையை ஈரச் சாக்கில் சுற்றி அனுப்புகிறேன். வந்ததும் பிரித்துவிடுங்கள், அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.