வீதியை விட அதன் அடியைப் பாருங்கள்

சிறு தொழில் முயற்சிகளுக்கென்று காணி பிரிக்கப்படும் பேட்டை ஒன்றின் வரைபடங்கள் கைக்கு வந்தால், பெரும்பாலானோர் முதலில் வீதியின் அகலத்தைத்தான் பார்ப்பார்கள். நானோ கழிவுநீர்க் குழாய் எந்த மட்டத்தில் பேட்டையை விட்டு வெளியேறுகிறது என்று தேடுவேன். மின்கம்பியையும் குடிநீர்க் குழாயையும் இடத்துக்கேற்ப வளைத்துக்கொள்ளலாம்; அழுத்தத்தில் ஓடும் நீர் மேட்டிலும் ஏறும். சாய்வை மட்டுமே நம்பி ஓடும் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் அந்தச் சலுகை இல்லை.

கொழும்புக்கு வெளியே, களனி கங்கையின் தாழ்நிலப் பக்கமாக அமையவிருக்கும் நாலரை ஏக்கர் பேட்டை ஒன்றின் வரைபடங்களை அண்மையில் பரிசீலித்தேன். மொத்தம் 24 துண்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 பேர்ச்சஸ். பிரதான கழிவுநீர்க் குழாய் 225 மில்லிமீற்றர் விட்டமுடையது; சாய்வு 150க்கு 1, நீளம் 300 மீற்றர். அப்படியானால் குழாய் தொடக்கத்திலிருந்து முடிவுக்குள் 2 மீற்றர் இறங்குகிறது. நிலம் சமதரை என்பதால், 1.2 மீற்றர் ஆழத்தில் தொடங்குவது 3.2 மீற்றர் ஆழத்தில் போய் முடியும். கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும் அந்த மண்ணில், அவ்வளவு ஆழத்துக்குப் போவதென்றால் பக்கங்களுக்கு முட்டுக்கொடுத்து, இரவு பகலாக நீரிறைத்துக்கொண்டேதான் குழாய் பதிக்க முடியும். செலவு மதிப்பீட்டிலோ முழு நீளத்துக்கும் ஒரே மீற்றர் விலை போடப்பட்டிருந்தது. நடுவில் பம்பு நிலையம் ஒன்றை வைத்தால் ஆழம் குறையும். ஆனால் அதற்கு ஒரு துண்டை விட்டுக்கொடுக்க வேண்டும், அதன் மின்கட்டணமும் பழுதுபார்ப்பும் யார் தலையில் என்பதை விற்பனைக்கு முன்பே எழுதிவைக்கவும் வேண்டும்.

இன்னொரு சிக்கல் இரண்டு தாள்களை அருகருகே விரித்தபோதுதான் தெரிந்தது. வீதிக்கும் கழிவுநீருக்குமான தாளில் நடுச் சந்தியின் மட்டம் 100.250 என்றிருந்தது, மழைநீர் வடிகால் தாளில் அதே சந்தி 3.600. ஒருவர் தற்காலிக அடையாளக் கல் ஒன்றை நூறென்று வைத்துக்கொண்டு அளந்திருக்கிறார், மற்றவர் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளந்திருக்கிறார். (அந்தச் சதுப்பில் நூறு மீற்றர் உயரமான சந்தி ஏது என்று ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம்.) இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்ததும், வீதியின் அடியில் மழைநீரைக் குறுக்கே கொண்டுபோகும் மதகின் அடித்தளம் கழிவுநீர்க் குழாயின் மேல்விளிம்பை விட ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் கீழே விழுந்தது. அதாவது மதகு குழாய்க்குள் இறங்கி நிற்கிறது. தனித்தனியே எடுத்தால் இரு தாள்களிலும் குறை சொல்ல இடமில்லை.

மழைநீர் பேட்டையிலிருந்து கால்வாய்க்குள் வெளியேறும் வாயிலையும் அந்தக் கால்வாயின் வழமையான நீர்மட்டத்துக்கே கணித்திருந்தார்கள். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவைப் பக்கம் மூழ்கியதைக் கண்டவர்கள் அப்படிக் கணிக்கக் கூடாது. வாயிலில் ஒருவழிக் கதவு வைத்தால் ஆற்று நீர் உள்ளே வராது, உண்மைதான். ஆனால் கதவு மூடியிருக்கும் நேரத்தில் பேட்டைக்குள் பெய்யும் மழை எங்கே நிற்பது? தாழ்ந்த மூலையில் பூங்கா என்று குறிக்கப்பட்ட இடத்தை இன்னும் தாழ்த்தி, நீர் தேங்கும் குளமாக்கும்படி எழுதியிருக்கிறேன்.

வீதியின் அகலம் 6 மீற்றர், சந்தி வளைவின் ஆரையும் 6 மீற்றர். சிறிய கம்பனிகளுக்குப் பெரிய லொறி எதற்கு என்று உரிமையாளர் தரப்பில் கேட்டார்கள். நாளாந்தம் வராதுதான். ஆனால் இயந்திரம் இறக்குமதி செய்பவருக்கும் ஏற்றுமதிக் கட்டளை கிடைத்தவருக்கும் 40 அடிக் கொள்கலன் வரும்; இழுவை வாகனத்தோடு சேர்ந்து அது 16 மீற்றர் அளவுக்கு நீளும். அது திரும்பும் பாதையை வரைபடத்தில் கீறிப் பார்த்தால், பின்சக்கரம் நடைபாதையில் ஏறி, மின்கம்பம் நாட்டக் குறித்த புள்ளியின் மேலாகவே போகிறது. தீயணைப்பு நீர்க்குழாய் வாயும் அதே மூலையில்தான்.

மின்சாரத்தில் கணக்கு எளிது. ஒவ்வொரு துண்டும் 42 கேவீஏ (மின்சுமையை அளக்கும் அலகு) வரையிலான சிறு கைத்தொழில் இணைப்பைப் பெற்றால் மொத்தம் 1008 கேவீஏ. ஒரே நேரத்தில் பாதிதான் ஓடும் என்று கொண்டாலும் 500ஐத் தாண்டும். வரைபடத்திலோ 160 கேவீஏ மின்மாற்றி ஒன்று மட்டும். குடிநீர்க் குழாயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: முட்டுச்சந்தில் முடியும் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்க வேண்டும், கழிவுநீர்க் குழாயிலிருந்து 3 மீற்றர் விலக்க வேண்டும்.

யார் வரப்போகிறார்கள் என்பதற்கு எந்தத் தாளிலும் பதில் இல்லை. வாகனம் கழுவுபவருக்கு எண்ணெய் பிரிக்கும் தொட்டி வேண்டும், உணவு தயாரிப்பவருக்குக் கொழுப்புப் பொறி வேண்டும், துணிக்குச் சாயமிடுபவரின் நீரை இந்தக் குழாயில் விடவே முடியாது. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தொழிலை நடத்துபவரின் பொறுப்பு என்று உரிமையாளர் தரப்பு கைகழுவிவிடலாம். ஆனால் துண்டை வாங்கிய பிறகு தொட்டிக்கு இடமில்லை என்று தெரிந்தால் வாங்கியவர் எங்கே போவார்? எந்தெந்தத் தொழில்களுக்கு அனுமதியில்லை என்ற பட்டியலை விற்பனை ஒப்பந்தத்தோடு இணைக்கும்படியும், எல்லாச் சேவைகளையும் ஒன்றாகக் காட்டும் சந்தி வெட்டுமுகங்கள் (நிலத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் வரைபடங்கள்) வரும்வரை 9ஆம், 10ஆம் துண்டுகளுக்கு முற்பணம் வாங்க வேண்டாம் என்றும் குறிப்பு அனுப்பியிருக்கிறேன். பம்பு நிலையமும் இரண்டாவது மின்மாற்றியும் அங்கேதான் வரவேண்டியிருக்கும்.