பத்து லட்சம் கடிதங்களும் நான்கு கேள்விகளும்

ஒரு கொள்கையைப் பற்றி அரசு அமைப்பு ஒன்றுக்கு நான் எழுதிய முதல் கடிதம், 2015 ஏப்ரலில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு அனுப்பிய மின்னஞ்சல்தான். அதுவரை நான் எழுதியவையெல்லாம் முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம் போன்ற விண்ணப்பங்களே.

அந்த ஆண்டு மார்ச் 27 அன்று டிராய் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை, வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற சேவைகளுக்கு உரிமம் தேவையா, தொலைபேசி நிறுவனங்கள் இணையத்தில் ஒரு தளத்துக்கு ஒரு விலையும் மற்றொன்றுக்கு வேறு விலையும் வைக்கலாமா என்றெல்லாம் 118 பக்கங்களில் 20 கேள்விகள் கேட்டது. அதைப் பொறுமையாகப் படித்து முடிக்க எல்லோராலும் ஆகாது. 'சேவ் தி இன்டர்நெட்' என்ற பெயரில் கூடிய தன்னார்வலர்கள் அதைச் சுருக்கி, கேள்விதோறும் பதில் வரைவும் எழுதிவைத்தார்கள். ஏஐபி நகைச்சுவைக் குழுவின் காணொளி செய்தியை ஊரெங்கும் கொண்டுசேர்த்தது. எல்லாத் தளங்களையும் ஒன்றுபோல நடத்தும் 'இணைய நடுநிலை' வேண்டும் என்று கேட்டு, ஏப்ரல் 24 கெடு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. இடையில், செயலி நிறுவனங்கள் பணம் கட்ட, பயனருக்கு அந்தச் செயலிகள் இலவசமாகக் கிடைக்கும் 'ஏர்டெல் ஜீரோ' திட்டத்தில் சேரப் பேசிக்கொண்டிருந்த ஃபிளிப்கார்ட், ஏப்ரல் 14 அன்று விலகிக்கொண்டது. ஒடிசாவின் தேன்கனல் தொகுதி மக்களவை உறுப்பினர் ததாகத சத்பதி டிராய்க்கு நேரடியாகவே எழுதினார். ராகுல் காந்தி மக்களவையில் இதை எழுப்ப, அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால் நான் இன்றும் அசைபோடுவது, அதே ஆண்டு டிசம்பரில் நடந்ததைத்தான். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து ஃபேஸ்புக் அந்தப் பிப்ரவரியிலேயே தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் தொடங்கியிருந்த, பின்னர் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாறிய சேவை, தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டியது. ஏழைக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே என்ற வாதத்தை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. தரவுக் கட்டணம் கட்ட முடியாதவரிடம் நடுநிலையைப் பற்றிப் பேசுவது, பசித்தவரிடம் பந்தி வரிசையைப் பற்றிப் பேசுவதுபோலத் தோன்றக்கூடும். எனினும், அந்தச் சில தளங்கள் எவை என்பதற்கான விதிகளை ஒரே நிறுவனம் வகுக்கிறது என்பதே எனக்கு உறுத்தியது.

இப்படி விலையில் வேறுபாடு காட்டுவது குறித்து டிராய் டிசம்பர் 9 அன்று நான்கு கேள்விகளுடன் தனி அறிக்கை வெளியிட்டபோது, ஃபேஸ்புக் முழுப்பக்க நாளிதழ் விளம்பரங்களோடு, தன் பயனர்களையே ஒரு பொத்தானை அழுத்தி ஆதரவுக் கடிதம் அனுப்பச் சொன்னது. கடிதங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. ஃப்ரீ பேசிக்ஸ் வேண்டும் என்று சொன்ன அவற்றில், கேட்கப்பட்ட நான்கு கேள்விகளுக்குப் பதில் இல்லை என்று டிராய் சுட்டிக்காட்டியது.

நாங்கள் அனுப்பியதும் ஆயத்தக் கடிதம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, என் மின்னஞ்சலில் பாதிக்கும் மேல் யாரோ எழுதித் தந்த வரிகள்தாம். அவை டிராய் கேட்டதற்குப் பதிலாக அமைந்திருந்தன என்பதும், அனுப்புமுன் இரண்டு பதில்களை நான் திருத்தினேன் என்பதும்தான் நான் காணும் வேறுபாடு. அது சிறிய வேறுபாடே என்று எண்ணுகிற நாட்களும் உண்டு.

2016 பிப்ரவரி 8 அன்று, ஆர். எஸ். சர்மா தலைமையிலான டிராய், உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றுவதைத் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு ரூ.50,000 வரை, உச்சமாக ரூ.50 லட்சம் அபராதம். நெருக்கடிக் காலச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு. பெரிய நிறுவனங்களுக்கு அந்தத் தொகை காப்பிச் செலவு என்றாலும், ஃப்ரீ பேசிக்ஸ் சில நாட்களிலேயே இந்தியாவை விட்டு வெளியேறியது. தளங்களின் வேகத்தைக் குறைப்பதையும் அவற்றைத் தடுப்பதையும் தடைசெய்யும் விதிகள் 2018இல்தான் உரிம நிபந்தனைகளில் ஏறின. அவை நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல என்பதால், உரிமத்தைத் திருத்தினால் பாதுகாப்பும் திருந்திவிடும்.

2023 ஜூலையில் டிராய், செய்திப் பரிமாற்றச் செயலிகளைப் பற்றி மறுபடியும் கலந்தாய்வு தொடங்கியது. இம்முறை ஆயத்த வரைவு எதையும் தேடாமல், எனக்கு உண்மையிலேயே கருத்து இருந்த மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதி அனுப்பினேன்.